கதவில் ஒட்டிய பட்டியல்

ஹாலரன்
12 பிப்ரவரி 1996

அன்புள்ள கோரலி அக்காவுக்கு,

நான் சுகம். அறைக்கு மின்விசிறி வந்துவிட்டது, தூங்குகிறேன். நீயும் பிள்ளைகளும் சுகம்தானே. வினி சின்னம்மாவின் கால் வீக்கம் வற்றியதா, இல்லை வற்றாததால் நீ எழுதாமல் விட்டாயா.

வேலையில் சேர்ந்து மூன்று வாரம். ஆஸ்பத்திரி வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை. கழுத்தில் என் படம் போட்ட அட்டை. நம் ஆட்கள் உள்ளே வரும்போது முதலில் பார்ப்பது நம் முகமாக இருக்க வேண்டும் என்று இந்த வேலையை உண்டாக்கியிருக்கிறார்கள். டாக்டர் சொல்வதை நான் நம் மொழியில் சொல்ல வேண்டும். நம் ஆட்கள் சொல்லாததை டாக்டருக்குச் சொல்ல வேண்டும். இரண்டாவதுதான் கஷ்டம். நம் பெல்லர் போர் ஊருக்கு வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வருகிற டொயோட்டா வண்டிக்கும் இங்கிருந்துதான் பட்டியல் போகிறது.

என் மேலதிகாரிக்கு நம் அம்மாவின் பெயர். அதனால் இங்கே அவர் பெயரை எழுத மாட்டேன். ஆனால் ஆபீசில் ஒரு நாளைக்கு இருபது முறை அதைச் சொல்கிறேன். இறந்துபோனவளின் பெயர், நாம் வாயால் சொல்லக் கூடாதது. முதல் வாரம் நாக்கு நின்றது. இப்போது நிற்பதில்லை. நிற்காததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

சின்னம்மாவின் ரத்தப் பரிசோதனை வந்திருக்கிறது. சிறுநீரகம் இரண்டும் ஏறக்குறைய ஓய்ந்துவிட்டன. டயாலிசிஸ் அறையில் ஒரு நாற்காலி காலியாகிறது. ஜூன் முடியும்வரை அவளுக்காக வைத்திருப்பார்கள். அதற்குள் இங்கே வந்து கையில் ஒரு சின்ன அறுவை செய்துகொள்ள வேண்டும். அது ஆற ஆறு வாரம். வராவிட்டால் நாற்காலி வேறு ஒருவருக்குப் போகும். அவளுக்கு நாள் இருக்காது.

டவுனுக்குப் போனவர்கள் பெட்டியில்தான் திரும்புகிறார்கள் என்பாள். நான் வாசலில் நிற்பேன் என்று சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
நொலீன்


பெல்லர் போர்
3 மார்ச் 1996

நொலீன் தங்கச்சிக்கு,

நாங்கள் எல்லோரும் இருக்கிறோம். சின்னவனுக்குக் காது வழிந்தது, இப்போது இல்லை. நீ சாப்பிடுகிறாயா. நீ அனுப்பிய படத்தில் கன்னம் ஒட்டியிருக்கிறது என்று சின்னம்மா சொல்கிறாள்.

போனில் கூப்பிடலாமே என்று நினைப்பாய். கடை வாசல் போனில் பேசினால் நாய்க்குக்கூட விஷயம் தெரிந்துவிடும். கடிதமே நல்லது.

உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். சீட்டைக் கீழே வைக்காமலே கேட்டாள். கடைசியில்,

"மெஷின்ல கட்டிப் போடுவாங்களா?"

"வாரத்துக்கு மூணு நாள் சின்னம்மா. அஞ்சு மணி நேரம்."

"அஞ்சு மணி நேரம் சீட்டாடக் கூட யாரு இருக்கா?"

"நொலீன் இருக்காளே."

"அவளா? அவ தோத்தா அழுவா." பிறகு, "சரி. நம்ம பொண்ணு வாசல்ல நிக்கிறான்னா போறேன். இல்லாட்டி அந்தப் பக்கமே தலை வெச்சுப் படுக்க மாட்டேன்."

மறுநாளே கடையில் ஒரு நீலப் பாவாடை வாங்கிவிட்டாள்.

சின்னம்மாவின் மகள் ஷெரிலினின் புருஷனுக்கும் கால் சரியில்லை. லெஸ்டர் மச்சான் வேலிக் கம்பியை மிதித்துவிட்டார். அவருக்கும் சர்க்கரை இருக்கிறது. புண் ஆறவில்லை. நர்ஸ் டவுனுக்குப் போகச் சொல்கிறாள். பாவம், நொண்டிக்கொண்டு கடைக்கு வந்தாலும் தான் வருவது சின்னம்மாவுக்குத் தெரிய, திருப்பத்தில் நின்று இருமுகிறார். அதற்கு முன்னால் அவர் நாய் ஓடி வந்துவிடும். சின்னம்மா நாயைப் பார்த்ததுமே தலையில் போர்வையைப் போட்டுக்கொண்டு பின்பக்கமாகப் போய்விடுவாள். நம் வழக்கப்படி பத்தொன்பது வருஷம். மாமியாரும் மருமகனும் ஒரு நாள்கூட ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. அந்த நாய்க்கு நீ ஒரு அட்டை வாங்கிக் கழுத்தில் மாட்டிவிடலாம். உன் வேலையைத்தான் அதுவும் செய்கிறது.

தேதி எழுது. கவனமாக இரு.
கோரலி


ஹாலரன்
21 மார்ச் 1996

அன்புள்ள அக்கா,

சுகம். சின்னவனின் காதுக்குள் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்.

ஏப்ரல் 2, செவ்வாய்க்கிழமை டொயோட்டா வரும். சின்னம்மாவின் பெயர் இருக்கிறது. லெஸ்டர் மச்சானின் பெயரும் சேர்ந்துவிட்டது. நர்சுக்குப் பட்டியல் அனுப்பியாயிற்று.

நேற்றுக் கூட்டத்தில் மேலதிகாரி என்னைப் பாராட்டினார். முன்பெல்லாம் இரண்டு வண்டி போன இடத்துக்கு இப்போது ஒன்று போதுமாம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

நான்கு மணிக்கு வந்து சேரும். வாசலில் நிற்பேன். நீல நிறத்தைத் தேடுவேன்.

எல்லோருக்கும் என் அன்பு.
நொலீன்


பெல்லர் போர்
9 ஏப்ரல் 1996

நொலீன்,

நாங்கள் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய்.

அன்றைக்கு நீ எவ்வளவு நேரம் வாசலில் நின்றாய் என்று எனக்குத் தெரியாது. நடந்ததை எழுதுகிறேன்.

சின்னம்மா விடிந்ததிலிருந்து மருந்தகத்துக்கு வெளியே பையோடு உட்கார்ந்திருந்தாள். பாவாடையில் மடிப்பு கலையாமல். ஏழு பேருக்கு ஒரே வண்டி வந்தது. அது கடைசி வீட்டுப் பக்கம் போய் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தது. டிரைவர் பின்கதவைத் திறந்தான். உள்ளே லெஸ்டர் மச்சான்.

அவருக்கும் தெரியாது. சட்டையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். இறங்கவும் வழியில்லை, கதவில் அவள் நிற்கிறாள். சின்னம்மா போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டு திரும்பினாள். மருந்தகத்துக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியின் மறுபக்கம் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

"வரீங்களா இல்லையா பாட்டி? முன்னூறு கிலோமீட்டர் போகணும்."

டிரைவர் மூன்று முறை கூப்பிட்டான். அவள் எழுந்திருக்கவில்லை. யாருமே காரணத்தைச் சொல்லவில்லை. பத்து நிமிஷம் பார்த்துவிட்டு வண்டி போய்விட்டது. அவள் மறுத்துவிட்டாள் என்று நர்ஸ் எழுதிக்கொண்டாள்.

பட்டியல் இன்னும் மருந்தகக் கதவில் ஒட்டியிருக்கிறது. இரண்டு பெயரும் அடுத்தடுத்து. அங்கே அதை எழுதுகிற வெள்ளைக்காரப் பெண் யார் நொலீன்? வந்து ஒரு வாரம் ஆகியிருக்குமா? அவளை உட்கார வைத்து நம் வழக்கத்தைச் சொல். அவளுக்குத் தெரியாதிருக்கும். தெரியாததில் தப்பில்லை. அதைச் சொல்வதற்குத்தானே உன்னை அங்கே வைத்திருக்கிறார்கள்.

மச்சானுக்குப் புண்ணைக் கழுவிக் கட்டி அனுப்பினார்கள். மறுபடி போக வேண்டும். சின்னம்மா செருப்புப் போட முடியாமல் நடக்கிறாள்.

பதில் எழுது.
கோரலி


ஹாலரன்
2 மே 1996

அன்புள்ள அக்கா,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். காய்ச்சல். இப்போது இல்லை. சின்னம்மாவுக்கு மூச்சு வாங்குகிறதா என்று பார்த்து எழுது. உப்பைக் குறைக்கச் சொல்.

பட்டியல் எழுதுபவரிடம் சொல்லிவிட்டேன்.

அடுத்த டொயோட்டா மே 14. அவள் கட்டாயம் வர வேண்டும். கையில் செய்யும் அறுவைக்கு இதுதான் கடைசி வாய்ப்பு.

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. வேறொன்றும் இல்லை.

நொலீன்


பெல்லர் போர்
17 மே 1996

நொலீன்,

சுகம் விசாரித்திருந்தாய். சின்னம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது.

பதின்மூன்றாம் தேதி நர்ஸ் புதிய பட்டியலைக் கதவில் ஒட்டினாள். இந்த முறை இரண்டே பெயர். ஒரே வண்டி. மறுபடி அவர்கள் இருவரும்.

ஷெரிலின் வீட்டில் மச்சான், "வண்டி அவங்களுக்கு," என்று மட்டும் சொன்னாராம். விடிவதற்குமுன் கோலை ஊன்றிக்கொண்டு பழைய மாட்டுப்பட்டி வரைக்கும் நடந்து போய்விட்டார், அந்தக் காலோடு.

அவர் போனது இங்கே யாருக்கும் தெரியாது. சின்னம்மா என்னிடம், "அந்தப் பையனுக்குக் காலு அழுகிப் போயிடும். எனக்கென்ன, வீக்கம்தானே. நான் விறகுக்குப் போறேன்," என்றாள். நான் பாவாடையைப் பிடித்து இழுத்தேன். கையைத் தட்டிவிட்டுப் போனாள்.

வண்டி வந்தது. ஆளில்லை. மச்சானின் நாய் மட்டும் வண்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. டிரைவர் சிரித்தான்.

"இவன் பேரு லிஸ்டுல இருக்கா?"

காலி வண்டி திரும்பிப் போயிற்று.

நீ சொன்னதாக எழுதியிருந்தாய். அந்தப் பெண்ணுக்குக் காது கேட்காதா?

கோரலி


ஹாலரன்
27 மே 1996

அக்கா,

எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. கேட்கிறேன்.

இரண்டு கோப்பிலும் ஒரே சொல். மறுத்துவிட்டார். சின்னம்மாவின் கோப்பில் இரண்டு முறை. மச்சானின் கோப்பில் ஒரு முறை. இன்றைய கூட்டத்தில் பெல்லர் போருக்கு இனி வண்டி தேவையா என்று பேசினார்கள். அங்கே இருப்பவர்களுக்கு விருப்பமில்லை போலிருக்கிறது என்று ஒருவர் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். நான் அந்த மேஜையில்தான் இருந்தேன். என் முன்னால் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

நாற்காலி ஜூன் 28 வரைதான்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கடிதத்தில் இல்லை.

நொலீன்


பெல்லர் போர்
8 ஜூன் 1996

நொலீன்,

லெஸ்டர் மச்சானை வியாழக்கிழமை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கால் கறுத்துவிட்டது. வாடை வந்த பிறகுதான் ஷெரிலினிடமே காட்டினார். இந்நேரம் உன் கட்டடத்தில்தான் எங்கோ படுத்திருப்பார்.

சின்னம்மா அவர் பெயரைச் சொல்ல முடியாது. தினமும் காலையில், "அந்த வீட்டுல எல்லாரும் சாப்பிட்டாங்களா?" என்று கேட்கிறாள். அந்த வீட்டில் இப்போது ஷெரிலின் மட்டும்தான். நான் சாப்பிட்டார்கள் என்கிறேன். இரவில் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குகிறாள்.

போய் மச்சானோடு உட்கார். அதையாவது செய்.

கோரலி


ஹாலரன்
13 ஜூன் 1996

அக்கா,

அந்தப் பட்டியல் எழுதுபவர் நான்.

வெள்ளைக்காரப் பெண் யாரும் இல்லை. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து நான்தான். முதலில் இரண்டு வண்டி என்றுதான் எழுதியிருந்தேன். கூட்டத்தில் மேலதிகாரி கேட்டார்.

"ஏழு பேருதானே? வண்டியில ஒம்பது சீட்டு இருக்கே. ரெண்டு எதுக்கு?"

சாதாரணமாகத்தான் கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாமியாரும் மருமகனும் ஒரே வண்டியில் உட்காரக் கூடாது. ஒரு வரி. சொல்வதற்கு முன்னால் அந்த அறையில் அது எப்படிக் கேட்கும் என்று நினைத்தேன். சிரிப்பு எனக்குக் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை அக்கா. சிரிப்பார்கள் என்று நானே முடிவு செய்தேன். ஒன்று போதும் என்றேன். பாராட்டினார்கள்.

மே மாதம் இரண்டாவது வண்டி கேட்டு மூன்று முறை விண்ணப்பம் எழுதினேன். காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்பினால் ஏப்ரலில் நடந்தது என் தவறு என்று தெரிந்துவிடும். மூன்றையும் கிழித்தேன். கோப்பில் மறுத்துவிட்டார் என்று எழுதியதும் நான்தான். நர்ஸ் அனுப்பியதைப் பார்த்து எழுதினேன். என் கையால்.

அன்று நான்கு மணிக்கு நான் வாசலில் நின்றேன். அவள் இறங்க மாட்டாள் என்று தெரிந்தே நின்றேன்.

மச்சானுக்கு இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். பெருவிரலும் பக்கத்து விரலும். நான் போனதும் சிரித்தார்.

"வாங்க ஆபீசரம்மா. ரெண்டு விரல் கம்மி. செருப்பு விலையில கழிச்சுக்குவாங்களான்னு கேட்டுச் சொல்லு."

"மே மாசம் ஏன் வரல மச்சான்?"

"வண்டி அவங்களுக்கு."

"அவங்களும் வரலியே."

"தெரியும். நான் போகட்டும்னு அவங்க விட்டுட்டாங்க."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? பத்தொம்போது வருஷமா அவங்க முகத்தப் பாத்ததில்ல. அவங்க மனசு எனக்குத் தெரியும்." பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "இங்க சோத்துல உப்பே இல்ல. அதப் போயிச் சொல்லு."

அங்கிருந்து நேராக மேலதிகாரியின் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

"ஏன் அன்னைக்கே சொல்லல? இன்னொரு வண்டி ஷெட்டுலதான் நின்னுச்சு. ரெண்டு தடவையும்."

எழுதியதை அழிக்க முடியாதாம். கீழே சேர்க்கலாமாம். சேர்த்தேன். அவர்கள் மறுக்கவில்லை, ஒருவருக்கொருவர் வழி விட்டார்கள், வழக்கம் தெரிந்தும் நான் சொல்லவில்லை என்று. கையெழுத்துப் போட்டேன்.

பேசும்போது நான் ஒருமுறைகூட அவர் பெயரைச் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டார். அதையும் சொன்னேன். "அஞ்சு மாசமா சொல்லிட்டிருந்தியே. ஐரீன்னு கூப்பிடு, அது என்னோட ரெண்டாவது பேரு," என்றார்.

இவ்வளவு சுலபமாக இருந்தது அக்கா. அதுதான் தாங்க முடியவில்லை.

ஜூன் 25 வண்டி வரும். அவள் மட்டும். கையில் அறுவைக்கு நேரமில்லை. கழுத்தில் குழாய் போட்டுத்தான் ஆரம்பிப்பார்கள். அது வலிக்கும், காய்ச்சல் வரும் அபாயமும் உண்டு. ஏப்ரலிலிருந்து போன பத்து வாரம் நான் தின்றது.

அவளிடம் சொல்லிவிடு. வருவாளா என்று எழுது.

நொலீன்


பெல்லர் போர்
18 ஜூன் 1996

நொலீன்,

நீ சாப்பிடு. தூங்கு. இதை முதலில் எழுதுகிறேன், மற்றதைப் படித்தபின் நீ இரண்டையும் செய்ய மாட்டாய்.

எனக்குத் தெரியும். இத்தனை கடிதம் எழுதியிருக்கிறாய், உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா. ஏப்ரல் முதல் தேதியே கதவில் பார்த்தேன். இரண்டு பெயரும் இருந்தன. இரண்டு வண்டி வரும் என்று நினைத்தேன், ஏனென்றால் எழுதியது நீ.

அன்றைக்குத் தொட்டிக்குப் பின்னால் சின்னம்மா, "யாரு எழுதினது?" என்று கேட்டாள். அவளிடம் பொய் சொல்ல எனக்கு வராது. சொன்னேன்.

"யாருகிட்டயும் சொல்லாத. நர்ஸ்கிட்டயும் சொல்லாத."

"சொன்னா வேற வண்டி அனுப்புவாங்க சின்னம்மா."

"ஏன் வேற வண்டின்னு கேப்பாங்க. எழுதினது யாருன்னு கேப்பாங்க. நான் வளத்த பொண்ணு. அவளுக்கு வெக்கமாயிடும்."

அதனால் அந்த வெள்ளைக்காரப் பெண்ணை நான் உண்டாக்கினேன், நீ ஒளிந்துகொள்ள. ஒளிந்து கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு வெளியே வருவாய் என்று நினைத்தேன். நீ வரவில்லை. மே பட்டியலைப் பார்த்ததும் எனக்குக் கோபம். நர்சிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நீயே சொல்லட்டும் என்று காத்திருந்தேன். உனக்கு ஒரு பாடம் என்று. அந்த இரண்டு விரலில் ஒன்று என் கணக்கு.

உன் கடிதத்தை அவளுக்குப் படித்தேன். வருவாளா என்று தெரியவில்லை. மச்சான் அந்தக் கட்டடத்தில் இருக்கும்போது எப்படிப் போவது என்கிறாள். அது ஒரு காரணம். இன்னொன்றும் இருக்கிறது. ஊரில் அவளை டவுனுக்குப் பயந்தவள் என்று பேசுகிறார்கள். கடைக்காரன்கூடக் கேலி செய்கிறான். அவர்கள் முன்னால் வண்டி ஏறக் கூசுகிறாள். உனக்காக அந்தக் கேலியையும் தாங்கிக்கொண்டிருக்கிறாள்.

கோரலி


ஹாலரன்
21 ஜூன் 1996

அக்கா,

சாப்பிட்டேன்.

இதோடு ஒரு தாள் இருக்கிறது. கதவுக்கு. நர்சிடம் கொடுத்து ஒட்டச் சொல். கிழிந்தால் மறுபடி ஒட்டு.

*பெல்லர் போர். ஜூன் 25, செவ்வாய். ஒரு வண்டி. ஒரு பெயர்: வினி.*

*ஏப்ரல், மே பட்டியல்களில் மாமியாரையும் மருமகனையும் ஒரே வண்டியில் போட்டது நான். வழக்கம் எனக்குத் தெரியும். கேட்டிருந்தால் வேறு வண்டி கிடைத்திருக்கும். கேட்க வெட்கப்பட்டேன். அவர்கள் இருவரும் மறுக்கவில்லை, பயப்படவுமில்லை. இனி எந்தப் பட்டியலிலும் எழுதியவர் பெயர் இருக்கும்.*

*எழுதியது: நொலீன், வினி வளர்த்தவள்.*

மச்சான் இருப்பது மேற்கு வார்டு. டயாலிசிஸ் அறை கிழக்கில், வாசலும் தனி. நடுவில் உள்ள தாழ்வாரத்துக்கு அவர் வரமாட்டேன் என்றிருக்கிறார். வர நேர்ந்தால் இருமுவாராம்.

உன் கணக்கில் விரல் எதுவும் வேண்டாம். இரண்டும் என்னுடையவை.

நொலீன்


பெல்லர் போர்
25 ஜூன் 1996, காலை

நொலீன்,

இதைத் தபாலில் போடவில்லை. சின்னம்மாவின் பையில், பாவாடைக்கு அடியில் வைக்கிறேன். அவள் வந்து சேர்ந்தால்தான் நீ இதைப் படிப்பாய்.

தாளை நேற்று ஒட்டினோம். முதலில் கடைக்காரன் படித்தான். பிறகு ஒவ்வொருவராக. ஷெரிலின் படித்துவிட்டு அழுதாள், உன்னைத் திட்டவும் செய்தாள். அவளுக்கு நீ தனியாகக் கடிதம் எழுத வேண்டும்.

சாயங்காலம் ஆட்கள் போன பிறகு சின்னம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு கதவுவரை நடந்து வந்தாள். படிக்கச் சொன்னாள். மூன்று முறை.

"பேரு போட்டிருக்காளா?"

"போட்டிருக்கா."

"எந்த இடத்துல?"

காட்டினேன். விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"எல்லாரும் பாத்துட்டாங்களா?"

"பாத்துட்டாங்க."

"பைத்தியம். இவ்வளவு பெருசாவா எழுதுவாங்க," என்றாள். பிறகு, "பாவாடையைக் காயப் போடு," என்றாள்.

வண்டி வெளியே நிற்கிறது. முன்சீட்டில் உட்கார வைத்திருக்கிறேன். அவள் உன்னிடம் ஏப்ரலைப் பற்றிப் பேச மாட்டாள். நீயும் பேசாதே. மன்னிப்புக் கேட்டு அழாதே, அவளுக்கு மூச்சு வாங்கும். அவள் முகம் ஊதியிருக்கிறது, உனக்குச் சட்டென்று அடையாளம் தெரியாது. தெரிந்த மாதிரி நில்.

முதலில் தாழ்வாரத்தைப் பார். இருமல் கேட்கிறதா என்று கவனி. பிறகு கதவைத் திற.

நான்கு மணிக்கு.

அக்கா